கொட்டை எழுத்து

எங்கள் தோட்டப் பள்ளியில் கரும்பலகை ஒன்றுதான் இருந்தது. சுண்ணக்கட்டியோ அளந்து கொடுக்கப்பட்டது. ஆகவே, முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க ஆசிரியர் வேறொரு வழி கண்டிருந்தார். பால்மரங்களில் காய் வெடித்துக் கொட்டை சிதறும் பருவத்தில், ஆளுக்கொரு தகரக் குவளை நிறையக் கொட்டை பொறுக்கி வரச் சொல்வார். பள்ளி முற்றத்து மணலில் அவர் விரலால் எழுத்தை வரைவார். அந்தக் கோட்டின்மேல் நாங்கள் கொட்டைகளை வரிசையாக அடுக்குவோம். கெர்லிங் வட்டாரத் தோட்டமொன்றில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன், தமிழ் எழுத்தை நான் முதன்முதலாகக் கண்டது இவ்வாறுதான். அதனால், வீட்டில் பெரியவர்கள் நாளிதழைப் பார்த்து, “கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான் பார்” என்று பேசிக்கொண்டபோது, கோலாலம்பூரிலும் யாரோ பால்மரக் கொட்டைகளை அடுக்கித்தான் செய்தி அச்சிடுகிறார்கள் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை இன்று நினைத்தால் நகைப்பு வருகிறது. ஆனால் அது முற்றும் பிழையன்று. கொட்டையால் அடுக்கிய எழுத்துக்குச் சில இயல்புகள் உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை கோட்டின் தடிமன் ஒன்றுபோலவே இருக்கும். கோடு முடியும் இடம் கூராகவோ சதுரமாகவோ இராமல் உருண்டிருக்கும். எழுத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு வாலோ பாதமோ இராது. தொலைவிலிருந்தும் கண்ணில் படும். இன்றைய எழுத்துருக் கலைஞர் இதனையே தடித்த, உருண்டைநுனி கொண்ட, செரிப் இல்லாத காட்சி எழுத்துரு என்பர். ரோமன் எழுத்தில் கோடு முடியும் இடத்தில் பாதம்போல் நீட்டப்படும் நுனிக்கோட்டிற்குச் செரிப் என்று பெயர். நூலின் உள்ளே பக்கம் பக்கமாகப் படிப்பதற்குரியது உடலெழுத்து. தலைப்பு, சுவரொட்டி, பெயர்ப்பலகை ஆகியவற்றில் நின்று கண்ணை அழைப்பது காட்சி எழுத்து. தமிழர் இவ்வளவு சொற்களைச் செலவிடவில்லை. கொட்டை எழுத்து என்ற இரண்டு சொற்களில் முடித்துவிட்டனர்.

மணலில் அடுக்கும்போது எங்களை ஓர் எழுத்து எப்போதும் தோற்கடித்தது. இரண்டு சுழி னகரம் ஆசிரியர் வரைந்த அளவிலேயே அமைந்துவிடும். மூன்று சுழி ணகரத்தில் கொட்டைகள் ஒன்றையொன்று நெருக்கும். சுழிக்குள் இருக்கவேண்டிய வெற்று மணல் மறைந்துபோகும். அடுக்கி முடித்துப் பார்த்தால் அங்கே ஒரு கொட்டைக் குவியல்தான் இருக்கும், எழுத்து இராது. ஆசிரியர் காலால் மணலைத் தேய்த்து அழித்துவிட்டு, ணகரத்தை மட்டும் இன்னும் அகலமாக வரைந்து தருவார். தடித்த தமிழெழுத்தை உருவாக்க முனைந்த ஒவ்வொரு தொழிலாளியும் எதிர்ப்பட்ட இடர் அது என்பதை அறியப் பல ஆண்டுகள் ஆயின.

கொட்டை எழுத்து அச்சு இயந்திரத்தோடு வந்தது. எனினும் அதன் உருண்டை வடிவம் அச்சோடு வந்ததன்று. பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் கல்லிலும் செப்பேட்டிலும் வழங்கிய பழைய எழுத்துக்கு வட்டெழுத்து என்றே பெயர். வட்டமான எழுத்து வட்டெழுத்து என்று சிலரும், வெட்டப்பட்ட எழுத்தாகிய வெட்டெழுத்தே அவ்வாறு திரிந்தது என்று சிலரும் கூறுவர். அந்த வழக்கிற்குள் நாம் புகவேண்டியதில்லை. நம் நோக்கிற்கு முதன்மையானது பனையோலை. ஓலையில் எழுத்தாணி கீறிச் செல்லும்போது, நரம்பின் போக்கிலேயே நீண்ட நேர்க்கோடு அழுந்தினால் ஓலை கிழிய இடமுண்டு. வளைந்த கோட்டில் அந்த அச்சம் குறைவு. எழுத்தாணியின் முனை கூரிய ஒரே புள்ளியாதலால், மேலே சென்றாலும் கீழே வந்தாலும் வளைந்தாலும் கீறலின் அகலம் மாறாது. தட்டை முனை கொண்ட பேனாவால் எழுதுவோர்க்குத்தான் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் கோடு விழும். ஆகவே, ஓலைச்சுவடியின் தமிழெழுத்து ஒரே தடிமன் உடையது, வளைவு மிக்கது, நுனியில் பாதம் இல்லாதது. அது தடித்திருக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. தெலுங்கும் சிங்களமும் ஒடியாவும் அடைந்த அளவுக்குத் தமிழ் உருண்டுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ககரத்திலும் டகரத்திலும் பகரத்திலும் நேர்க்கோடுகள் இன்றும் நிமிர்ந்தே நிற்கின்றன.

அந்தச் சுவடி எழுத்தில் இரண்டு குறைகள் இருந்தன. மெய்யெழுத்துக்குரிய புள்ளியை ஓலையில் பெரும்பாலும் இடமாட்டார்கள். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் கண்ணுக்கு வேறுபடமாட்டா. படிப்பவர் மொழியறிவால் நிரப்பிக்கொண்டார். வீரமாமுனிவர் நெடிலுக்கும் குறிலுக்கும் வேற்றுமை காட்டியது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். மொழியை முன்பே அறிந்த புலவர்க்கு எழுத்து ஒரு நினைவூட்டியாக இருந்தால் போதும். எழுத்தின் வழியே மொழிக்குள் நுழையவேண்டிய பிள்ளைக்கு அது போதாது.

இந்திய மொழி எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய நூல் தமிழ்நூலே என்ற செய்தியைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூல் கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் வெளிவந்தது. அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் அதனைத் தமிழில் ஆக்கினார். கோவாவில் 1577-இல் வார்க்கப்பட்ட எழுத்துகள் நிறைவு தராமையால் கொல்லத்தில் மறுபடி வார்த்தனர். இரண்டு வகையும் அந்நூலிலேயே காட்டப்பட்டுள்ளன. அடுத்த பெரிய முயற்சி தரங்கம்பாடியில் நிகழ்ந்தது. சீகன்பால்க் பாதிரியாருக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழெழுத்துகள் மிகப் பெரியவை. புதிய ஏற்பாட்டை அவற்றால் அச்சிட முனைந்தபோது தாள் கட்டுப்படியாகவில்லை. எனவே அவ்விடத்திலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர்; இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈயத்தை அதற்கு உருக்கினர் என்பர். அச்சு வரலாற்றை எழுதுவோர் இந்தச் சிறிய எழுத்தை வெற்றியாகவும் ஹாலேயின் பெரிய எழுத்தைத் தோல்வியாகவும் எழுதுவது வழக்கம். நூலுக்கு அது சரிதான். ஆயினும், பெரிய எழுத்துக்குரிய பணி அன்று இன்னும் பிறக்கவில்லை என்பதே என் கருத்து. சுவரொட்டியும் நாளிதழ்த் தலைப்பும் இல்லாத நாட்டில் பெரிய எழுத்து எங்கே போய் நிற்கும்?

அந்தப் பணி பிறந்த இடம் இங்கிலாந்து. தொழிற்புரட்சிக்குப் பின் விற்போர் மிகுந்தனர். சுவர்களில் விளம்பரம் மிகுந்தது. நூலுக்குரிய மெல்லிய எழுத்து அங்கே போதவில்லை. 1816-ஆம் ஆண்டு நான்காம் வில்லியம் காசுலன் என்பவர் வெளியிட்ட எழுத்து மாதிரியில் செரிப் இல்லாத அச்செழுத்து முதன்முதலில் தலைகாட்டியது. அதன் நுனியையும் உருட்டிய வகைகள் பின்னர் வந்தன. வோக்சுவாகன் கார் நிறுவனம் 1979-இல் தனக்கென ஆக்கிக்கொண்ட உருண்டைநுனி எழுத்துரு அவற்றுள் பெயர் பெற்றது. பின்னாளில் ஆப்பிள் கணினிகளின் விசைப்பலகையில் பல ஆண்டுகள் பதிந்திருந்ததும் அதுவே.

தமிழுக்குச் செரிப் என்பது தொடக்கத்திலிருந்தே இல்லை. அப்படியிருக்க, செரிப் இல்லாத தமிழெழுத்து என்று நாம் சொல்வது எதனை? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பாரின் மேற்பார்வையில் உருவான அழகிய எழுத்துகளும், அவற்றின் வழிவந்தனவும், தடிப்பும் மெலிவும் கலந்த கோடுகளைக் கொண்டவை. 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதியைப் புரட்டினால் அதனைக் காணலாம். அத்தகைய ஏற்ற இறக்கத்தை நீக்கி, கோடு முழுவதையும் ஒரே தடிமனில் ஓடவிட்டால் அதுவே தமிழில் செரிப் இல்லாத எழுத்து எனப்படுகிறது. அதாவது, ஐரோப்பியருக்குப் புதுமையாகத் தோன்றியது நமக்கு எழுத்தாணிக்குத் திரும்புவதாகும். இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தடித்த உருண்டை எழுத்தைக் கண்டவுடன் ‘இது மேனாட்டுப் பாணி’ என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் சிலர் நம் ஆசிரியர்களிடையே உள்ளனர், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சிங்கப்பூரில் 1887-இல் ‘சிங்கை நேசன்’ தொடங்கியது. கோலாலம்பூரில் 1924-இல் ‘தமிழ் நேசன்’ தோன்றி 2019 வரை நடந்தது. 1935-இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். இவ்விதழ்களின் அச்சுக்கோப்பாளர்கள் பட்ட பாட்டை அறியவேண்டுமானால் ஒரு சிறு கணக்குப் போடலாம். உயிர் பன்னிரண்டு, ஆய்தம் ஒன்று. மெய், அகர உயிர்மெய், இகர, ஈகார, உகர, ஊகார உயிர்மெய்கள் ஆறு வரிசை. வரிசைக்குப் பதினெட்டு வீதம் நூற்றெட்டு. ஆக 121. இவற்றோடு கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி, கிரந்த எழுத்துகள், பழைய முறையில் தனி வடிவம் பெற்றிருந்த னா, ணை முதலியன. ஆங்கில அச்சகம் பெரிய எழுத்தில் இருபத்தாறு அச்சுகளை வைத்துக்கொண்டு தலைப்பு அமைத்துவிடும். தமிழ் அச்சகம் அதே அளவில் நூற்று இருபதுக்கும் மேற்பட்ட வடிவங்களை வைத்திருக்கவேண்டும். அவற்றுள் ஒவ்வொன்றிலும் பல படிகள் வேண்டும். கொட்டை எழுத்து விலை மிக்கதாயிருந்ததற்குக் காரணம் இதுதான். சிற்றூர் அச்சகங்கள் ஒரே ஒரு தொகுதியைப் பல ஆண்டுகள் தேயத் தேயப் பயன்படுத்தின. வசதி உள்ளோர் ஓவியரைக் கொண்டு தலைப்பை எழுதுவித்து, பிளாக் எடுத்து அச்சிட்டனர்.

தோட்டப்புறத்தில் அந்தக் கொட்டை எழுத்துக்கு இருந்த மதிப்பை இக்கால மாணவர்க்கு விளக்குவது எளிதன்று. கெர்லிங், களும்பாங், ராசா எனப் புகைவண்டிப் பாதையை ஒட்டிய ஊர்களிலும், மேற்கே கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலும், ஒரு லயத்துக்கு ஒரு நாளிதழ் வந்தாலே அரிது. எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிப்பார், சுற்றியிருப்போர் கேட்பர். உடலெழுத்து படிப்பவருக்கு உரியது. தலைப்பெழுத்தோ படிக்கத் தெரியாதவருக்கும் உரியது. அதன் கருமையைக் கண்டே, ‘என்ன பெரிதாகப் போட்டிருக்கிறது?’ என்று கேட்பார்கள். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதனை முன்னின்று நடத்தினார். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற இழிவு ஒழியவேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. அவ்வாண்டு மே மாதம் நாதன் கைதானார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். போராட்டம் கோல சிலாங்கூர்ப் பகுதியையும் எட்டியது. அந்நாளைப் பற்றி எங்கள் பாட்டனார் பேசும்போதெல்லாம், தாம் தாளைப் படித்ததாகச் சொல்லமாட்டார், பார்த்ததாகவே சொல்வார். அவருக்குக் கையொப்பம் மட்டுமே இடத் தெரியும்.

இனி ணகரத்தின் தொல்லைக்கு மீண்டும் வருகிறேன். எழுபதுகளின் இறுதியில் உறவினர் திருமணம் ஒன்றுக்கு அழைப்பிதழ் அச்சிட்டு வரும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. அருகிலிருந்த ஒரு சிறு அச்சகத்தில் கொடுத்தோம். தலைப்பை வழக்கம்போல் இருப்பதிலேயே தடித்த எழுத்தில் கோத்தார்கள். அச்சாகி வந்த கட்டைப் பிரித்தபோது, ‘திருமண அழைப்பிதழ்’ என்பது ‘திருமன அழைப்பிதழ்’ என்று கண்ணில் பட்டது. அச்சுக்கோப்பாளரைக் கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் அச்சைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார். மூன்று சுழி ணகரம்தான். தேய்ந்து தேய்ந்து, மையும் படிந்து, முதற்சுழி அடைபட்டிருந்தது. “எழுத்து சரிதான் தம்பி, வயசாயிடுச்சு” என்றார். அன்றிலிருந்து அச்சுப்பிழை என்ற சொல்லை நான் எளிதில் வாய்விடுவதில்லை.

மணம் மனமாவதும் அணை அனையாவதும் ஒரு சுழியால். அந்தச் சுழி வாழ்வது அதன் நடுவிலுள்ள வெற்றிடத்தால். கோடு தடிக்கத் தடிக்க வெற்றிடம் சுருங்கும். ரகரத்திற்கு இன்னொரு வகையான இடர். ரகரத்தையும் காலையும் வேறுபடுத்துவது அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு கீற்று. நுனிகளையெல்லாம் உருட்டி மழுக்கும் கலைஞர் அந்தக் கீற்றையும் சேர்த்து மழுக்கிவிட்டால், மரம் ‘மாம்’ ஆகிவிடும். எகரத்திலிருந்து ஏகாரத்தைப் பிரிக்கும் கீழ்க்கோடும் அத்தகையதே. ஆங்கிலத்தில் தடித்த எழுத்து அழகைக் கெடுக்கலாம்; சொல்லைப் பெரும்பாலும் கெடுப்பதில்லை. தமிழில் அது சொல்லையே மாற்றிவிடும்.

பெயர்ப்பலகை எழுதிய ஓவியர்கள் இதனை அச்சகத்தாரினும் நன்கு அறிந்திருந்தனர். தோட்டத்துக் கோயில் வளைவிலும், கடைத்தெருவிலும், திருவிழாத் துணிப்பதாகையிலும் எழுதியவர்கள் ஈய அச்சின் சதுரத்திற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். முதலில் மெல்லிய கோட்டில் எழுத்தை வரைவர். பிறகு தூரிகையால் இருபுறமும் தடிக்கச் செய்வர். இடம் நெருக்கமான எழுத்தில் உட்பக்கம் தடிக்காமல் வெளிப்பக்கமே தடிக்கவிடுவர். ணகரத்தை அகலமாக்குவர், பக்கத்து எழுத்தைச் சற்றே ஒடுக்குவர். அளவுகோல் வைத்துப் பார்த்தால் கோடுகள் ஒரே தடிமனில் இரா. கண்ணுக்கு மட்டும் ஒன்றுபோல் தோன்றும். படுக்கைக்கோடும் செங்குத்துக்கோடும் உண்மையிலேயே ஒரே அளவாக இருந்தால் படுக்கைக்கோடு கூடுதலாகத் தடித்துத் தோன்றும் என்பது எழுத்துக் கலையின் அடிப்படைப் பாடம். அந்தப் பாடத்தை அவர்கள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை.

இவ்விடத்தில் எழுத்துச் சீர்திருத்தத்தையும் குறிக்கவேண்டும். பெரியார் 1935-இல் ‘குடியரசு’ இதழில் புகுத்திய மாற்றங்களுள் பலவற்றைத் தமிழ்நாட்டரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. சிங்கப்பூர் 1983-இல் ஏற்றது, மலேசியாவும் பின்பற்றியது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவமும், ணா, றா, னா முதலியவற்றின் சுருள் வடிவமும், அவற்றோடு ஒத்த ஒகர ஓகார வரிசைகளும் ஆகப் பதின்மூன்று எழுத்துகள் எளிமையாயின. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது துணைசெய்ததைப் பலரும் எழுதியுள்ளனர். கொட்டை எழுத்துக்குச் செய்த நன்மையை எவரும் தனியே எடுத்துரைத்ததாக எனக்கு நினைவில்லை. துதிக்கை மேலேறி வளைந்த பழைய ணைகாரத்தைத் தடித்த எழுத்தில் தெளிவாகக் காட்டுவது பெரும்பாடு. சுழிகளின்மேல் இன்னொரு சுழி ஏறி உட்கார்ந்திருக்கும். பழைய வடிவங்களின் அழகுக்காக இன்றும் ஏங்குபவன் நான். ஆயினும் பெயர்ப்பலகையில் அவற்றை மீட்கவேண்டும் என்று சொல்லமாட்டேன்.

கணினி வந்தபின் ஈயமும் மரமும் நீங்கின. அதில் நம் நாட்டிற்குத் தனி இடம் உண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகனார் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அவர் வடித்த ‘இணைமதி’, ‘தமிழ் சங்கம் எம்.என்.’ ஆகிய எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளில் உடன் இணைந்து வருகின்றன. பின்னதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் அவர் பெயரின் முதலெழுத்துகளே. எழுத்தாணிக் கோட்டின் ஒரே தடிமனை அவ்வெழுத்துருவில் காணலாம். ஆனால் அவை உடலெழுத்துகள். தலைப்புக்கென்றே பிறந்த தடித்த உருண்டை எழுத்துகள், எவரும் விலையின்றி எடுத்தாளும் உரிமையோடு, 2016-ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்தன.

அவற்றுள் இரண்டைச் சொல்லலாம். ஒன்று ‘பாலூ தம்பி’. மும்பையிலுள்ள ஏக் டைப் என்னும் எழுத்துருக் குழுவினர் இந்திய எழுத்துமுறைகள் பலவற்றிற்கும் ஒரே சாயலில் கொழுத்த எழுத்துரு ஒன்றை வரைந்தனர். காட்டுக் கதையில் வரும் கரடியின் பெயரை அதற்கு இட்டு, மொழிகள் பலவற்றிற்கு உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்தனர். மலையாளத்திற்குச் சேட்டன், தெலுங்கிற்குத் தம்முடு, தமிழுக்குத் தம்பி. தமிழ் வடிவத்தை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். தொடக்கத்தில் ஒரே தடிமனில் இருந்த அது, பின்னர் ஐந்து தடிமன்களில் விரிந்தது. மற்றொன்று ‘காய்னி’. அதனை வரைந்தவர் மார்செலோ மகல்யாய்ஸ். ரோமனுக்கும் தமிழுக்கும் மட்டுமே உரியது. நுனியெல்லாம் உருண்டு, மழைநாளில் ஊறிய கொட்டைபோல் பருத்திருக்கும். தடிமனும் ஒன்றே ஒன்றுதான். கொல்லத்தில் போர்த்துக்கீசியர் தமிழெழுத்து வார்த்து நானூற்று முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, போர்த்துக்கீசியப் பெயர் தாங்கிய ஒருவர் மீண்டும் தமிழெழுத்தில் கைவைத்தது எதிர்பாராத ஒற்றுமை.

இவ்வகை எழுத்துருக்களை முறையாக வரைவோர், பலகை ஓவியர் கையால் செய்ததையே கணிப்பொறியில் செய்கின்றனர். நெருக்கமான எழுத்தில் உட்கோட்டை மெலிவித்து, சுழியின் வெற்றிடத்தைக் காக்கின்றனர். ஆனால் எல்லாரும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. கையில் உள்ள மெல்லிய எழுத்துருவை எடுத்து, தடிக்கச் செய்யும் பொத்தானை அழுத்திவிடுவோரே மிகுதி. அந்த எழுத்துருவில் தடித்த வடிவம் தனியே இல்லையெனில், பொறி கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பக்கமும் கோட்டை வீங்கவைக்கும். சுழி அடைபடும். எழுபதுகளில் தேய்ந்த ஈயம் செய்ததை இன்று புத்தம் புதிய பொறி செய்கிறது.

நம் நாட்டில் இதற்கு மேலும் ஒரு காரணத்தால் கூர்மை உண்டு. பெயர்ப்பலகைகளில் தேசிய மொழி முதலிலும் பெரிதாகவும் இருத்தல்வேண்டும் என்பது உள்ளாட்சி மன்றங்களின் விதி. அதன்படி தமிழ் கீழே, சிறிய அளவில் நிற்கும். அதனைக் குறையாகச் சொல்லவில்லை. நாட்டின் ஒழுங்கு அது. ஆனால் சிறிய இடத்தில் தொலைவுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத் தமிழைத் தடிக்கவைக்கிறோம். தடிக்கவைக்கத் தடிக்கவைக்கச் சுழி அடைபட்டு, அருகில் நின்றாலும் படிக்கமுடியாமல் போகிறது. அளவு குறையும்போது எழுத்தின் பருமனைச் சற்றே குறைப்பதுதான் முறை. இதனைப் பலகைக் கடைகளில் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமன்று.

பணி ஓய்வுக்கு இரண்டாண்டு முன், 2017-இல், நான் பணியாற்றிய தோட்டப் பள்ளிக்குப் புதிய பெயர்ப்பலகை வைக்க முடிவு செய்தோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட காலம். லயங்கள் ஏறத்தாழ வெறுமையாயிருந்தன. சாலையில் செல்வோருக்கு அங்கே ஒரு தமிழ்ப்பள்ளி உள்ளது என்பதே தெரியாது. பிள்ளைகள் வந்தால்தான் பள்ளி நிலைக்கும்; பள்ளி இருப்பது தெரிந்தால்தான் பிள்ளைகள் வருவர். ஆகவே பலகை எங்களுக்கு அழகுப்பொருளாக இருக்கவில்லை. கடையில் முதலில் காட்டிய மாதிரியில் கொம்புகள் எழுத்தைவிட்டுப் பிரிந்து வெற்று வட்டங்களோடு நின்றன. பொறிக்குத் தமிழ் தெரியவில்லை. அதனைத் திருத்தியபின் காட்டியதில் சுழிகள் அடைபட்டிருந்தன. மூன்றாம் முறை, தடித்த உருண்டை எழுத்துரு ஒன்றின் பல தடிமன்களையும் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினேன்.

தாள்களை உணவகச் சுவரில் ஒட்டினோம். மணம், மனம், மரம், அணை, ஏணி எனச் சில சொற்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்தி, ஒவ்வோர் அடியாகப் பின்னே நடந்துகொண்டே படிக்கச் சொன்னேன். மிகத் தடித்ததையே எல்லாரும் முதலில் விரும்பினர். அதைத்தான் எல்லாரும் முதலில் தவறாகவும் படித்தனர். கடைசித் தடிமனுக்கு ஒருபடி குறைந்ததை வைத்துக்கொண்டு அவர்கள் திடல் வரை சென்றுவிட்டார்கள். மணிக்கூண்டு மாதிரி உயரமான ஒரு பையன் மட்டும் திடலைத் தாண்டி, செம்பனை வரிசை வரை போய், அங்கிருந்து “ஏணி!” என்று கத்தினான். அந்தத் தடிமனையே தேர்ந்தோம்.

பலகை ஏறியது. எழுத்துகள் தனித்தனியே வெட்டி ஒட்டப்பட்ட நெகிழி எழுத்துகள். முதல் பெருமழையில்தான் அதுவரை நான் எண்ணியே பார்க்காத ஒன்று நிகழ்ந்தது. மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டு, எதனோடும் ஒட்டியிராது, பசை விட்டவுடன் முதலில் விழுவதும் அதுவே. ‘தமிழ்ப்பள்ளி’ என்ற ஒரே சொல்லில் மூன்று புள்ளிகள் உண்டு. ழகரத்தின் புள்ளி விழுந்துகிடந்ததை ஒரு சிறுமி வாய்க்காலருகே கண்டெடுத்து, “சார், ழ்-இன் புள்ளி” என்று சொல்லி என் கையில் கொடுத்தாள். தடித்த எழுத்தாதலால் புள்ளியும் பருத்திருந்தது, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது, உருண்டையானது, பால்மரக் கொட்டைபோல் வழவழப்பாக இருந்தது. வாயிற்காப்பாளர் ஏணி கொண்டுவந்தார். அன்று மாலையே கடைக்குச் சென்று பத்துப் புள்ளிகளைத் தனியாக வெட்டித் தரச் சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஓய்வு பெற்று வந்தபோது பள்ளிச் சாவிகளோடு அந்தச் சிறு பெட்டியையும் அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். அதில் ஏழு மீதமிருந்தன.